ஒரு நிமிஷம் தாமதமாக வரும் இலவச டிவி

நவுசோரி, பிஜி,
பாலத்துக்கு இந்தப் பக்கம்,
ஞாயிறு, காலை ஆராதனை முடிந்து.

சகல பாக்கியங்களும் பெற்று பிரிஸ்பேன் நகரில் சுகமாக வீற்றிருக்கும் என் அருமை மருமகன் அபிசாய்க்கு, உன் தாய்மாமன் ஏரோனி ஆசி கூறி எழுதுவது. நீயும் உன் வேலையும் உன் காரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் உன் அத்தை வாசெமதாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மரவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது, கோழிகள் முட்டை இடுகின்றன, ஆற்றில் வெள்ளம் இல்லை. மானம் மட்டும் கொஞ்சம் காணாமல் போயிருக்கிறது. அது எந்தப் பெட்டி வழியாகப் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். கடிதத்தில் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

போன புயலில் நம் வீட்டு ஏரியல் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஹரிதத்தின் கறிவேப்பிலை மரத்தில் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மைனா அதில் குடித்தனம் நடத்துகிறது. அதற்காவது உபயோகப்படுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். நீ லீவில் வந்தபோது இதைப் பார்த்து மனம் இளகி, உன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்து, ஒயரை எல்லாம் மாட்டி, "மாமா, இனிமே ஏரியலும் வேணாம், டிவியும் வேணாம். உலகத்துல இருக்குற எல்லாச் சேனலும் இதுல சும்மாவே வரும்" என்றாய். சும்மா வருவது எதுவும் சும்மா வராது என்று முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் ஓசிப் பயணிகளைப் பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நீ என் தங்கை மகன். இந்த ஊர் வழக்கப்படி தாய்மாமன் வீட்டில் நீ எதைக் கேட்டாலும் நான் கொடுக்க வேண்டும். நீ எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இலவச டிவியின் அருமை பெருமைகளை நீ அறிந்திருக்கமாட்டாய், நீ காசு கட்டிப் பார்ப்பவன். ஒரு செய்தி கேட்க உட்கார்ந்தால் முதலில் எனக்குப் பனிக்கால பூட்ஸ் விற்கிறார்கள். நவுசோரியில். வியர்வை துடைத்துக்கொண்டே அதைப் பார்த்து முடித்தால், நான் ஏதோ பரிசு வென்றுவிட்டதாக வாழ்த்துகிறார்கள். அதைத் தாண்டினால் யாரோ ஒரு இளம்பெண் என் பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு என்னைச் சந்திக்க ஏங்குகிறாளாம். உன் அத்தை இதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருப்பது கோழிப்பண்ணை மட்டும்தான், போய்ச் சந்தித்துவிட்டு வாருங்கள் என்றாள். இவ்வளவும் கடந்து நிகழ்ச்சி ஆரம்பித்தால் நடுவில் ஒரு சக்கரம் வந்து சுற்றும். முதலில் அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தைக்கு மட்டும் குறை இல்லை. ஏதோ ஒரு நாட்டுச் சேனலில், எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாத பாஷையில், தினமும் ஒரு தொடர் பார்க்கிறாள். கதையை அவளே சொல்லிக்கொள்கிறாள். போன வாரம் கதாநாயகியின் மாமியார் செத்துப்போனாள் என்று கண்ணீர் விட்டாள். மறுநாள் அந்த மாமியார் எழுந்து வந்து சூப் குடித்தாள்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ரக்பி வருகிறதே என்று பொறுத்துக்கொண்டேன். பிஜிக்காரனுக்கு ஏழு பேர் ரக்பி வந்தால் போதும், பூட்ஸ் விளம்பரத்தையும் சகித்துக்கொள்வான். நமக்குத் தோதாகப் பந்தயங்கள் சனிக்கிழமை மதியம் வந்தன. அதே சனிக்கிழமை மதியம்தான் சபைப் பெண்கள் நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பாய் முடைகிறார்கள். ரக்பிச் சத்தத்தில் பாய் கோணலாகிறது என்று உன் அத்தை புகார் சொல்ல, நீ கொடுத்துவிட்டுப் போன ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு தேங்காய் மூடியைக் காதில் கவிழ்த்த மாதிரி இருந்தது. உலகம் அடங்கிப்போனது. பந்தும் நானும் மட்டுமே மிஞ்சினோம். அந்தச் சுகத்தை நான் மறுக்கமாட்டேன்.

இந்த இடத்தில்தான் உன் சித்தப்பா ஜோசதேகி உள்ளே வருகிறான். உன் அப்பாவின் தம்பி, ஆகவே எனக்கு மச்சான். மச்சானும் மச்சானும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், ஏய்க்கலாம், ஆனால் கோபப்படக் கூடாது என்பது நம் வழக்கம். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்களுக்கு ஜோசதேகி மாதிரி ஒரு மச்சான் இருந்திருக்கமாட்டான். அவன் பஸ் ஓட்டிய காலம் முழுவதும் நான் நிலையத்தில் கடிகாரமும் விசிலுமாக நின்று நேரம் பார்த்தவன். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும், அத்தனை பயணிகள் முன்னிலையில் அவனை இறக்கி வைத்துத் திட்டியிருக்கிறேன். கடமை வேறு, உறவு வேறு. அப்போது அவன் சிரித்துக்கொண்டுதான் போவான். அந்தச் சிரிப்பை நான் பொறுமை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை தவறாமல் யங்கோனா வேர்ப்பொடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். "நீ வீட்டுக்குத் தலைவன், நீயே ஹெட்போனை மாட்டிக்க மச்சான். எனக்குக் கலக்குற வேலை இருக்கு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரமாகப் பாயைப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மரக்கிண்ணத்தில் பொடியைத் துணியில் கட்டிப் பிழிவான். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். கொஞ்ச நேரத்தில் என் முழங்காலைத் தட்டி, ஹெட்போனுக்குள் கேட்கும்படி உரக்க, அடுத்து நம் ஆள்தான் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைக்கப்போகிறான் என்பான். நான் சிரிப்பேன். சிரித்து முடிப்பதற்குள் வைத்துவிடுவான். அடுத்து எதிராளி என்பான். அதுவும் நடக்கும். தோற்றவன் 'பெரிய அலை' குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு, அதாவது சிரட்டை வழிய வழிய. எத்தனை பெரிய அலை என்று நான் எண்ணவில்லை, எண்ணும் நிலையில் இருக்கவில்லை. உதடு மரத்து, நாக்கு தடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேத வாசிப்புக்கு எழுந்து நின்றால் தீர்க்கதரிசிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே பெயராக வெளியே வந்தன. சபை மூப்பன் நான். சபையார் அதைப் பக்தியின் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உன் மாமன் முட்டாள் இல்லை. யோசித்துப் பார்த்தேன். திரையைப் பார்க்காத ஒருவனுக்கு நடக்கப்போவது தெரிகிறது என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, முன்னோர்களின் ஆவி காதில் ஓதுகிறது. இல்லையென்றால் கர்த்தர் வரம் கொடுத்திருக்கிறார். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. மூப்பன் என்ற பொறுப்பில் விஷயத்தைப் போதகர் இசிகேலியிடம் தெரிவித்தேன். அவர் வீட்டில் டிவி கிடையாது, அது மனதைக் கெடுக்கும் என்பார். வரத்தைச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். காது வலிக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார், ஜோசதேகியின் முதுகைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். மறுநாள் பிரசங்கத்தில் நம் நடுவே ஒரு சாமானிய பஸ் டிரைவருக்குக் கிடைத்த வரத்தைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு காணாமல்போன பன்றி எங்கே இருக்கிறது, மகளுக்கு எந்த மாதத்தில் பிரசவம் என்றெல்லாம் கேட்டு அவன் வீட்டுக்கு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். அவனும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினான்.

இதற்கு நடுவில் ஒருநாள் ஹரிதத் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "என்ன மாஸ்டர், எங்க வீட்டுல கத்தி முடிச்சு, டீ போட்டுக் குடிக்கிற நேரத்துல உங்க வீட்டுல கத்த ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டான். என் வயதைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இனி உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். லெவுகாவில் பெண் வீட்டார் முன்னால் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி, நம் குடும்பத்தின் குரலாகப் பேசப்போவது யார் என்று நீ வந்தபோது நான் கேட்டேன். "நீங்கதான் மாமா" என்றாய். சித்தப்பனுக்கும் அந்த உரிமை உண்டு, உன் அப்பா இல்லாத இடத்தில் அவன்தான் நிற்க வேண்டியவன், எனக்குத் தெரியும். ஆனால் உன்னைப் பெற்றுவிட்டுப் போன என் தங்கை செரியானாவை அந்தச் சபையில் யார் நினைப்பார்கள்? ஆண்கள் பேசும் பேச்சில் அப்பன் பெயர் வரும், பாட்டன் பெயர் வரும், ஓடமேறி வந்த முன்னோர் பெயர் வரும். உன்னை இந்த வீட்டில் நான் வளர்த்தேன் அபிசாய், பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பேசுகிற அன்றைக்கு அவள் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தப் பேச்சை மாதக்கணக்காக மரவள்ளித் தோட்டத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன். கோழிகளுக்கு அது மனப்பாடம்.

போன சனிக்கிழமை இறுதி ஆட்டம். நாமும் நியூசிலாந்தும். நேரம் முடிந்து கடைசி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்கள் முன்னால் இருக்கிறார்கள், பந்து நம் கோட்டுக்குப் பக்கத்தில் நம் பையன் கையில். நான்கு பேர் அவன் மேல் விழுகிறார்கள். அந்த நொடியில் சக்கரம் வந்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மேஜையைத் தட்டினேன், கம்ப்யூட்டரைத் தடவிக் கொடுத்தேன், உன் பெயரைச் சொல்லிக்கூடத் திட்டினேன். ஜோசதேகி முழங்காலைத் தட்டினான்.

"மச்சான், நாமதான் ஜெயிக்கிறோம்."

"உனக்கு வரமும் போச்சு, புத்தியும் போச்சு" என்றேன். "பந்து நம்ம கோட்டுல கிடக்கு. நாலு பேரு மேல கிடக்கானுங்க."

"அப்போ கல்யாணப் பேச்சை வச்சுப் பாத்துடுவோமா? தோத்தா நான் லெவுகா பக்கமே வாயத் திறக்கல. ஜெயிச்சா பேச்சு எனக்கு."

இத்தனை சனிக்கிழமை தோற்றவனுக்கு ஒரு முறையாவது இவன் வரம் பொய்க்காதா என்ற ஆசை இருக்காதா? கண்ணால் பார்த்ததை நம்பினேன். சரி என்றேன். அவன் சிரட்டையை நீட்டினான், நான் குடித்தேன், கை குவித்து மூன்று முறை தட்டினோம். யங்கோனா மேல் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது. கையைத் தட்டி முடித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பிஜி தோற்க வேண்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அப்போது பின்கட்டில் இருந்து உன் அத்தை பாய் ஓலையும் கையுமாக ஓடிவந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் என் காதில் இருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். அபிசாய், வெளியே நவுசோரியே அதிர்ந்துகொண்டிருந்தது. சட்டி பானையைத் தட்டுகிறார்கள், பாலத்தில் பஸ்கள் ஹாரனை விடாமல் அடிக்கின்றன, ஹரிதத் வீட்டு டிவியில் வர்ணனை செய்கிறவன் தொண்டை கிழிய அழுகிறான். அத்தனையும் ஜோசதேகி உட்கார்ந்திருந்த ஜன்னல் வழியாகத் தெளிவாக உள்ளே வருகிறது. என் திரையில் இன்னும் சக்கரம் சுற்றுகிறது. அப்புறம் அது நின்றது, படம் அசைந்தது, நாலு பேருக்கு அடியில் இருந்து பந்து வெளியே வந்தது, நம் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். நாடு முழுவதும் ஓடி முடித்துவிட்ட ஓட்டத்தை நான் ஒருவன் மட்டும், அவன் இடறி விழமாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் நியூசிலாந்து பக்கம் கட்டிட்டார்" என்றான் ஜோசதேகி, மிகுந்த துக்கத்தோடு. பாய் முடையும் பெண்கள் அத்தனை பேரும் வாசற்படியில் நின்றிருந்தார்கள். ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியிருந்தாலும் ஊரில் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"ஒரு நிமிஷம் லேட்டுன்னு பஸ் ஸ்டாண்டுல எத்தனை தடவை என்னைய இறக்கி வச்சுத் திட்டுன மச்சான். உன் டிவி அந்த நிமிஷத்தையெல்லாம் வட்டியோட திருப்பிக் குடுத்துடுச்சு. அது ஒரு நிமிஷம்தான் லேட்டு. நீதான் ஆறு மாசம் லேட்டு."

கோபப்படக் கூடாது. மச்சான். நான் சிரித்தேன். அப்படிச் சிரிக்க எவ்வளவு வலிக்கும் என்பது முப்பது வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவனை ஊரில் காட்டிக்கொடுக்க முடியவில்லை. ஜன்னல் விஷயத்தைச் சொன்னால், நேரம் பார்ப்பதே தொழிலாக இருந்தவன் தன் வீட்டிலேயே நேரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போதே ரொட்டிக் கடையில் என்னை நியூசிலாந்துக்காரர் என்கிறார்கள். ஆராதனையில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. உன் அத்தை சேப்பங்கிழங்கை வைத்துவிட்டு, தேங்காய்ப்பாலை மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். அவள் எதையும் மறப்பவள் அல்ல.

ஆகவே மருமகனே, நான் கேட்பது இதுதான். முதலாவதாக, ஆளை அனுப்பி இந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடு. மனிதனை ஏமாற்றும் பெட்டி ஒரு மூப்பன் வீட்டில் இருக்கலாகாது. நான் தோற்றது எனக்குப் பெரிதல்ல. ஒருவன் கண்ணை மறைத்து, காதை அடைத்து, அவன் அறியாமையில் லாபம் பார்ப்பது எவ்வளவு கேவலமான காரியம்! பட்டினி கிடந்தாலும் நான் அதைச் செய்யமாட்டேன். அடுத்ததாக, பந்தய வாக்கை நான் மீற முடியாது, ஆனால் நீ மணமகன், நீ ஒரு வார்த்தை உன் சித்தப்பனிடம் சொல்லலாம். அதற்கும் உனக்குச் சங்கடம் என்றால், அவன் பேசும்போது உன் அம்மா பெயரையாவது சொல்லும்படி சொல். செரியானா. நான்கு எழுத்து. மறந்துவிடக் கூடிய பெயர் அல்ல, ஆனால் அவன் மறப்பான்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனைவியோடு, காசு கட்டிப் பார்க்கும் டிவியோடு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உன் அத்தை உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பிஜியை மனதார நேசிக்கும்
உன் மாமன் ஏரோனி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்தேன், வாரம் முழுக்க மழை, தபால் ஆபீஸ் பக்கம் போக முடியவில்லை. அதற்குள் இன்னொரு சனிக்கிழமை வந்து போய்விட்டது. ஆகவே உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். கம்ப்யூட்டருக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

போதகர் இசிகேலி எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். வந்த நேரம் ஏதோ ஒரு சின்ன ரக்பி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. போதகருக்கு நல்ல நாற்காலியும் ஹெட்போனும் கொடுப்பதுதானே மரியாதை? கொடுத்தேன். யாராவது யங்கோனா கலக்க வேண்டுமே என்று நான் ஜன்னல் ஓரமாகப் பாயைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கலக்கும்போது மனதில் பட்டதை அவ்வப்போது அவர் முழங்காலைத் தட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஜன்னலை மட்டும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தேன். போதகர் பக்திமான், கடைசிவரை ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

இன்று காலை பிரசங்கத்தில், பெருமை கொண்டதால் ஜோசதேகியை விட்டு வரம் நீங்கிவிட்டது, தாழ்மை அடைந்த ஏரோனியிடம் வந்துவிட்டது என்று அறிவித்தார். வரம் நீங்கியவன் ஒரு குடும்பத்தின் குரலாக நிற்பது முறையல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டாவது பெஞ்சில் ஜோசதேகி வாயைத் திறந்தான். திறந்து என்ன சொல்வான்? எனக்கு வரமே இல்லை, ஜன்னல்தான் இருந்தது என்றா? மூடிக்கொண்டான். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டான்.

"மச்சான், ஜன்னல் பக்கம் காத்து நல்லா வருதா?"

"நேரத்துக்கு வருது மச்சான்" என்றேன்.

சிரித்தான். லெவுகாவில் பேசப்போவது நான்தான். உன் அம்மா பெயர் முதல் வாக்கியத்திலேயே வருகிறது. இன்னும் ஒன்று, நீ கல்யாணத்துக்கு வரும்போது கம்ப்யூட்டரைத் திறந்து எதையாவது நோண்டி அந்த ஒரு நிமிஷத்தைச் சரிபண்ணிவிடாதே. அந்தப் பெட்டியில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.